தோட்டப் பெண்களும் சேமநல உரிமைகளும்

தேயிலைச் செடிக்கு உரமிடும் முறையையும், கவ்வாத்துச் செய்யும் காலத்தையும், இறப்பர் மரத்தின் பட்டை பழுதுபடாமற் பால் வெட்டும் வகையையும் விளக்கும் துண்டுப்பிரசுரங்களை முன்னர்ப் படித்திருப்பீர்கள். செடியைப் பேணுதல் எத்துணை இன்றியமையாததோ, அச்செடியிற் கொழுந்து பறிக்கும் கையைப் பேணுதலும் அத்துணை இன்றியமையாதது. ஆதலால் இம்முறை, சபரகமுவ மாகாணத் தோட்டங்களில் உழைக்கும் பெண்கள் தமக்குரிய சேமநலன்களைப் பெறும் வழியை இங்கு விளக்குகின்றோம்.

இரத்தினபுரி மாவட்டத்தின் இறக்குவானை, பலாங்கொடை, கஹவத்தை, பெல்மதுளைப் பகுதிகளிலும், கேகாலை மாவட்டத்தின் தெரணியகலை, யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டைப் பகுதிகளிலும் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. விடியுமுன் எழுந்து, அடுப்பு வேலை முடித்து, குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு மலைக்கு ஏறும் பெண்ணின் உழைப்பினாலேயே இவ்விரு பயிரும் பயன் தருகின்றன. இருந்தும், முதுமை வந்தபின் அவளுடைய கையில் எஞ்சுவது மிகச் சிறிதாயிருத்தலைப் பல லயங்களிற் காண்கின்றோம். சட்டம் தந்த நன்மை அவளுடைய கைக்கு வந்து சேராமையே இதற்குப் பெருங் காரணமாகும்.

இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று?

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஆணுக்கு ஒரு விகிதமும் பெண்ணுக்கு அதனினும் குறைந்த விகிதமும் வகுத்தது. 1984ஆம் ஆண்டிலேயே தோட்டங்களில் இருபாலார்க்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமும், அதன் பின் வந்த சட்டங்களும் சிறிது சிறிதாக இக்குறையைத் தீர்த்தன. 2003ஆம் ஆண்டின் சட்டமே எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கியது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணி செய்வதற்கிருந்த சட்டத் தடையும் 2018ஆம் ஆண்டிலேதான் திருத்தத்தினால் நீங்கியது.

இக்காரணங்களால், பிறப்பு, வருகை, மருந்து, சம்பளம் ஆகிய யாவும் நெடுங்காலம் தோட்டக் கந்தோரின் ஏடுகளிலேயே தங்கிவிட்டன. அரசாங்க அலுவலகத்துக்குத் தானே சென்று ஒரு பத்திரம் பெறும் பழக்கம், குறிப்பாகப் பெண்களிடையே, வளர இடமிருக்கவில்லை. இன்று அந்த உரிமை உண்டு. பழக்கமே இனி வரவேண்டியது.

1. பெயர் ஒன்றாயிருத்தல்

எந்த நன்மைக்கும் முதற்படி பெயர். ஒரு பெண்ணின் பிறப்புச் சான்றிதழில் "பார்வதி" என்றும், செக்ரோலில் "பாருவதி" என்றும், அடையாள அட்டையிற் பிறிதோர் எழுத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஊரார்க்கு அவள் ஒருத்தியே. கந்தோரில் வாசிக்கும் எழுதுவினைஞர்க்கோ அவர்கள் மூவர். இருபது ஆண்டுச் சேமிப்பும் இதன்பொருட்டுத் தடைபடுதல் உண்டு.

ஆகவே நான்கு பத்திரங்களையும் ஒருங்கே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அவை பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், சேமலாப நிதிக் கணக்குத் துண்டு என்பனவாம். வேறுபாடு காணின், பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவிற் பிறப்புப் பதிவைத் திருத்த விண்ணப்பிக்கலாம். இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுதலும் பயன்தரும். பிறப்புப் பதிவே இல்லாதோர் காலங்கடந்த பதிவையோ உத்தேச வயதுச் சான்றிதழையோ கோரலாம்.

தேசிய அடையாள அட்டைக்குப் பதினைந்து வயது நிறைந்தவர் விண்ணப்பித்தல் வேண்டும். தோட்டத்தில் வசிப்போரின் விண்ணப்பத்தைத் தோட்ட அத்தியட்சகர் சான்றுப்படுத்தலாம். விவாகத்தையும் தவறாது பதிவு செய்யுங்கள். தாலி கட்டியதை ஊரறியும் எனினும், கணவர் இறந்தபின் அவர் பெயரிலுள்ள பணத்தைக் கோரும் நாளில், விவாகச் சான்றிதழே விரைந்து பேசும்.

2. செக்ரோலும் கைக்காசும்

நாள்தோறும் பேர் போடப்படுதலே உங்கள் எதிர்காலக் கணக்கின் வித்து. ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டது. உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பங்கு கழிக்கப்படும். அதனோடு தொழில் தருநர் தம் பணத்திலிருந்து நூற்றுக்கு 12 பங்கு சேர்த்துச் செலுத்துதல் வேண்டும். இதற்கு மேலாக, 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நூற்றுக்கு 3 பங்கைத் தொழில் தருநரே செலுத்துவார். எனவே நீங்கள் உழைக்கும் ஒவ்வோர் ஆயிரம் ரூபாவுக்கும் 230 ரூபா உங்கள் பெயரிற் சேருகின்றது. அதில் உங்கள் சம்பளத்திற் குறைவது 80 ரூபா மாத்திரமே.

கைக்காசு வேலையிலோ, அயலிலுள்ள சிறு தோட்டத்தில் நாட்கூலியாகவோ உழைக்கும்போது, மாலையிற் கிடைக்கும் தொகை பெரிதாகத் தோன்றக்கூடும். அத்தொகைக்குச் சேமலாப நிதி செலுத்தப்படாவிடின், அந்த நாள் உங்கள் முதுமைக்கு உதவாத நாளாகிவிடும். சட்டமோ நிரந்தரத் தொழிலாளர், தற்காலிகத் தொழிலாளர், நாட்கூலி, துண்டுவேலை என்ற வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஒரேயொரு தொழிலாளியை வைத்திருப்பவரும் நிதி செலுத்தக் கடமைப்பட்டவரே. தேயிலைச் செடிகளைப் பங்கிட்டுக் கொடுத்து வருமானத்தைப் பகிரும் முறையிற் சேருமுன்னரும், சேமலாப நிதி தொடருமா என்பதைத் தெளிவாகக் கேட்டு, எழுத்திற் பெற்றுக்கொள்ளுங்கள்.

சேமலாப நிதியைப் பெண்கள் ஐம்பது வயதிலும், ஆண்கள் ஐம்பத்தைந்து வயதிலும் வேலையிலிருந்து நீங்கிப் பெறலாம். விவாகங் காரணமாக வேலையை விடும் பெண்ணும் கோரலாம். இப்பணத்தைக் கோருதற்குரிய படிவம் "கே" படிவம் எனப்படும். அதனை உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்திற் பெறலாம். இடையில் அவசரத் தேவைக்காக வேலையை விட்டதாகக் காட்டிப் பணத்தை எடுத்துவிடுவோர், சேவைக்காலத்தையும் முறித்துக்கொள்கின்றனர் என்பதை மறவாதிருங்கள்.

3. பணிக்கொடை

பதினைந்து பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் இடத்தில், ஐந்து ஆண்டு சேவை முடித்தவர்க்குப் பணிக்கொடை உண்டு. இது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். நாட்சம்பளத் தொழிலாளர்க்கு ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும் 14 நாட்சம்பளம், இறுதியாகப் பெற்ற விகிதத்திற் கணக்கிடப்படும். இருபது ஆண்டு உழைத்தவர்க்கு 280 நாட்சம்பளம் வரும். வேலை முடிந்து முப்பது நாளுக்குள் இது கொடுக்கப்படல் வேண்டும். தவறினால் மேலதிகப் பணமும் செலுத்துதல் கடமையாகும்.

ஆண்டுகளைக் கணக்கிடுவது யார்? தோட்டக் கந்தோரின் ஏடு. அதனோடு ஒப்பிட உங்களிடமும் ஒரு சான்று இருத்தல் நன்று. ஒவ்வொரு மாதச் சம்பளத் துண்டையும் எறியாமல், ஒரு தகரப் பெட்டியில் ஆண்டுவாரியாகக் கட்டி வையுங்கள்.

4. மகப்பேற்று நன்மை

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பெண்களுக்கும் உரியது. பேற்றுக்கு முன் இரு வாரமும், பின் பத்து வாரமும் ஆகப் பன்னிரண்டு வாரம் சம்பளத்தோடு ஓய்வு உண்டு. முன்னர் மூன்றாம் குழந்தை முதலாக இக்காலம் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அக்குறைப்பை நீக்கியது. இன்று எத்தனையாவது குழந்தையாயினும் நன்மை ஒன்றே.

கருவுற்றிருத்தலைக் காரணங்காட்டி வேலையை நீக்குதல் சட்டவிரோதம். தாய்க்கும் சிசுவுக்கும் தீங்கான வேலையையும் அக்காலத்திற் கொடுத்தலாகாது. ஓராண்டு நிறையாத குழந்தைக்குப் பாலூட்ட வேலை நேரத்துள் இரு இடைவேளைகள் உண்டு. பிள்ளைமடுவம் உள்ள இடத்தில் அவை அரை மணி நேரமும், இல்லாத இடத்தில் ஒரு மணி நேரமும் ஆகும். கருவுற்றதை அறிந்தவுடன் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். திரிபோஷா மாவும், சிகிச்சையும், பின்னர்ப் பிறப்புப் பதிவும் அப்பதிவைத் தொடர்ந்தே வருகின்றன.

5. முதியோரும் ஆதரவற்றோரும்

2023ஆம் ஆண்டு தொடங்கிய அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் கீழ், வறிய குடும்பங்கட்கும், எழுபது வயது கடந்த முதியோர்க்கும், மாற்றுத்திறனாளிகட்கும், சிறுநீரக நோயாளர்க்கும் உதவிப்பணம் வழங்கப்படுகின்றது. இப்பணம் வங்கிக் கணக்கிற்கே வரும். எனவே அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் இல்லாத மூதாட்டியின் வறுமை எத்துணைக் கொடியதாயினும், பணம் அவரை வந்தடையாது. கணக்கெடுக்க வருவோரிடம் லயத்தின் நிலை, தண்ணீர், மலசலகூடம், வருவாய் ஆகியவற்றை உள்ளவாறு கூறுங்கள். தெரிவுப் பட்டியலில் விடுபட்டோர் குறித்த காலத்துள் மேன்முறையீடு செய்யலாம். விவரம் கிராம உத்தியோகத்தரிடமும், பிரதேச செயலகத்திலும், 1924 என்ற தொலைபேசி இலக்கத்திலும் கிடைக்கும்.

செக்ரோலில் இல்லாது, சுயமாகக் காய்கறி பயிரிட்டோ, ஆடு மாடு வளர்த்தோ வாழும் பெண்கள், 1996ஆம் ஆண்டிற் சட்டத்தினால் நிறுவப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்திற் சேர்ந்து, சிறு தொகை செலுத்தி வரலாம். சிறு துளி பெருவெள்ளம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

6. வீட்டினுள் துன்பம் நேரின்

மனைவியின் சம்பளத்தைக் கணவர் சென்று வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. உழைத்தவர் கையிலேயே ஊதியம் சேருதல் முறை. வங்கிப் புத்தகமும் பண அட்டையும் உங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும். அடி உதைக்கு ஆளாகும் பெண், 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவர் சார்பிற் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணமில்லாதோர்க்குச் சட்ட உதவி ஆணைக்குழு துணைபுரியும். 1938 என்னும் இலக்கத்திற் பெண்களுக்கான உதவியும், 1929 என்னும் இலக்கத்திற் சிறுவர்க்கான உதவியும் பெறலாம்.

7. மொழி தடையாகாது

இம்மாகாணத்தில் தமிழர் சிதறி வாழ்கின்றனர். அலுவலகங்களில் வழங்கும் மொழி பெரும்பாலும் சிங்களம். படிவம் விளங்காமையால் வாசலோடு திரும்பிவிடுவோர் பலர். சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதியிலும், அரசாங்க அலுவலரோடு தமிழிற் கருமமாற்றவும், தமிழில் மறுமொழி பெறவும் அரசியலமைப்பின்படி உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத படிவத்திற் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இடாதீர்கள். தமிழ்ப் படிவத்தைப் பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். ஒருவர் தனியே செல்வதினும், மாதர் சங்கத்தாரோ படித்த பிள்ளையொருவரோ உடன் செல்லுதல் நன்று.

சிறு தோட்ட உடைமையாளர்க்கு ஒரு சொல்

இப்பிரசுரத்தைப் படிப்போருட் சிலர் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் தேயிலை உடையவராயிருக்கலாம். உங்கள் கொழுந்தைப் பறிக்க அயற்றோட்டப் பெண்கள் வருவர். அவர்கட்கும் சேமலாப நிதி செலுத்துதல் உங்கள் கடமை. தொகை பாரமாகத் தோன்றினும், நிலையான கைகள் உங்கள் செடிகளை அறிந்து பறிக்கும் பயன் அதற்கு ஈடாகும்.

செய்ய வேண்டியவை

இம்மாதச் சம்பள நாளன்று கீழ்க்கண்டவற்றைத் தொடங்குங்கள்.

(அ) நான்கு பத்திரங்களிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒத்திருக்கின்றனவா எனப் பாருங்கள்.
(ஆ) சேமலாப நிதி உறுப்பினர் இலக்கத்தை எழுதி வையுங்கள். கணக்கிற் பணம் சேர்கின்றதா என வருடந்தோறும் விசாரியுங்கள்.
(இ) சம்பளத் துண்டுகளைப் பாதுகாத்து வையுங்கள்.
(ஈ) உங்கள் பெயரிலேயே வங்கிக் கணக்குத் தொடங்குங்கள்.
(உ) பக்கத்துக் காம்பராவிலுள்ள மூதாட்டிக்கு அடையாள அட்டை உண்டா என்று கேட்டு, இல்லாவிடின் உதவுங்கள்.
(ஊ) குறை தீராவிடின் இரத்தினபுரி, கேகாலைத் தொழில் அலுவலகங்களில் எழுத்தில் முறையிடுங்கள். முறைப்பாட்டின் பிரதியொன்றை உங்களிடம் வைத்திருங்கள்.

கொழுந்து நிறுக்கும் வேளையில் உங்கள் கண் தராசு முள்ளை விட்டு அகலுவதில்லை. ஒரு கிலோ குறைந்தாலும் அக்கணமே கேட்டுவிடுகின்றீர்கள். அதே கண்ணை உங்கள் பெயரின் மீதும், சேவைக்காலக் கணக்கின் மீதும் வையுங்கள். ஒரு கிலோ கொழுந்தை நாளையும் பறித்துக்கொள்ளலாம். கணக்கில் விடுபட்ட ஓராண்டை, மலையிலிருந்து இறங்கிய முதுமையில் மீண்டும் உழைத்துப் பெறுதல் இயலாது.