எடை கூடிப்போன கார்கள்

மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ராஜபாளையம். அதற்குத் தெற்கே சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி. செங்கோட்டை கழிந்து புளியரையில் சாலை வளைந்து வளைந்து மலையேறும். ஒரு காரின் குணத்தை அறிய இதைவிடத் தோதான சாலை தெற்கே அதிகம் இல்லை. நேர்சாலை, கடைத்தெரு நெரிசல், பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை, மில்லுக்குப் பஞ்சு ஏற்றிப் போகும் லாரி, கடைசியில் எஸ் வளைவு என்று எல்லாமே ஒரே பயணத்தில் வந்துவிடும்.

ஐம்பது ஆண்டுக்கு முன் இந்தச் சாலையில் வசதியான வீட்டுக் கார் என்றால் அம்பாசிடர், இல்லாவிட்டால் ஃபியட். பின்னால் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய அந்த ஃபியட்டுக்கு 1089 சி.சி. இன்ஜின், நாற்பது சொச்சம் குதிரைத்திறன். எடை 900 கிலோவை ஒட்டித்தான். ஏ.சி., பவர் ஸ்டியரிங், ஏர்பேக் எதுவும் கிடையாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். இன்று இதே ஊர்களில் ஓட்டப் பிரியமுள்ள இளைஞர்கள் வாங்குவது ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜி.டி., ஸ்கோடா ஸ்லாவியா 1.5 மாதிரியான செடான்கள். திறன் 150 குதிரை, எடை 1,250 கிலோவுக்கு மேல். இன்ஜின் பலம் மூன்று மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. கூடவே ஐந்து ஆட்களின் பாரமும் காலிக் காரிலேயே ஏறிவிட்டது. அதில் பெரும்பகுதி பாதுகாப்புக்கும் சௌகரியத்துக்கும் ஏறிய எடை என்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வளைவில் காரை வெளியே தள்ளும் விசைக்கு இந்த நியாயமெல்லாம் தெரியாது. எடை கூடினால் அந்த விசையும் கூடும். வேகம் நாற்பதிலிருந்து அறுபதுக்கு ஏறினால் இரண்டேகால் மடங்காகும்.

அன்றைக்குக் காரை மாற்றியமைத்து ஓட்டுவது என்றால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் சென்னையின் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்கள் தமிழ்நாடு முழுக்கப் பேச்சாக இருந்தன. வீட்டில் ஓடிய ஃபியட்டே அங்கே பந்தயத்துக்கும் போனது. பம்பரைக் கழற்றுவார்கள், பின்சீட்டை எடுப்பார்கள், இன்ஜின் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவார்கள். இறக்குமதி உதிரிபாகம் கிடைக்காத காலம். லேத்தும் வெல்டிங்கும்தான் துணை. கோயம்புத்தூரின் கரிவர்தன் அந்தத் தலைமுறையிலிருந்து வந்தவர். மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற இலகுவான ஒற்றையிருக்கைப் பந்தயக் காரை 1980களின் இறுதியில் அவர் கொடுத்தார். 1995இல் விமான விபத்தில் இறந்தார். கையில் கிடைத்த சின்ன இன்ஜினைக் கனமில்லாத உடம்பில் வைத்தால் போதும் என்பதை அவர் செய்தே காட்டினார். அவர் பெயரில்தான் கோவைக்கு அருகே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது.

நம் ஊர்ப் பட்டறைகளின் கதை நேரெதிர்த் திசையில் போனது. அம்பாசிடர் பின்னால் தாழ்ந்தால் ஸ்பிரிங்கில் பட்டை ஒன்று கூடுதலாகச் சேர்ப்பார்கள். பெட்ரோல் செலவு கையைக் கடித்தால் டீசல் இன்ஜினை இறக்கி வைப்பார்கள், முன்பக்கம் இன்னும் கனக்கும். குடும்பத்தையும் கல்யாண மூட்டையையும் சுமக்கிற வண்டிக்கு அது தேவைப்பட்டது. அந்தக் காலத்தில் உண்மையாகவே கையாளலை மாற்றியது ரேடியல் டயர்தான். பழைய நைலான் டயரைக் கழற்றிவிட்டு ரேடியல் போட்ட நாளில், அதே பத்மினி வளைவில் வேறு வண்டியாக நின்றது. பழைய டிரைவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

சக்கரத்தை மாற்றினால் ஓட்டமே மாறும் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் புதிய பாடம் அல்ல. ஆண்டாள் கோயிலின் பெருந்தேர் மரச்சக்கரத்தில் ஓடிய நாளில் ஆடிப்பூரத்துக்கு வடம் பிடித்தால் நிலைக்கு வந்து சேர நாட்கள் பல ஆகும். மேலே சிற்பங்கள் நிறைந்த மரத்தேர் அப்படியே இருக்க, கீழே இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. இப்போது சில மணி நேரத்தில் தேர் நிலைக்கு வந்துவிடுகிறது. மாற்றம் நடந்தது சக்கரத்திலும் பிரேக்கிலும் மட்டுமே.

இன்றைக்குக் கார் எடுத்த மறுமாதமே நடக்கும் மாற்றங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பதினாறு அங்குலச் சக்கரத்தைக் கழற்றிப் பதினெட்டு அங்குல அலாய் மாட்டுகிறார்கள். விலை மலிந்த வார்ப்பு அலாய் பல நேரம் கம்பெனிச் சக்கரத்தைவிடக் கனம் அதிகம். சக்கரம், டயர், பிரேக் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. குழியில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் ஷாக் அப்சார்பர் அந்த எடையை அடக்க வேண்டும். அங்கே ஒரு கிலோ கூடினால் டிக்கியில் பல கிலோ கூடியதைவிட மோசம். டிக்கியில் சப்வூஃபர் பெட்டி, ஆம்ப்ளிஃபயர், பிறகு சைலன்சரை வெட்டிச் சத்தம், கடைசியில் இன்ஜினின் கணினியான இ.சி.யு.வை மாற்றி எழுதி இன்னும் இருபது முப்பது குதிரை. பிரேக்கும் டயரும் மட்டும் பழையபடியே. இந்த வரிசை முழுக்கத் தலைகீழ்.

தினமும் ஓட்டுகிற செடானில் எதைக் குறைக்கலாம்? முதலில் நாம் ஏற்றியதை இறக்க வேண்டும். டிக்கியைக் காலி செய்தாலே பல கார்களில் இருபது கிலோ போகும். 45 லிட்டர் டேங்கை நிரப்பினால் பெட்ரோல் மட்டும் 33 கிலோ. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்கு வேலைக்குப் போய் வருபவருக்கு அரை டேங்க் தாராளம். அலாய் மாற்றியே ஆக வேண்டும் என்றால் அதே அளவில், அடித்துருவாக்கிய கனம் குறைந்த சக்கரத்தை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் ஸ்டியரிங்கிலேயே வித்தியாசம் தெரியும். ஸ்டெப்னியை இறக்காதீர்கள். டியூப்லெஸ் டயர், காற்றழுத்தக் கண்காணிப்பு, பஞ்சர் கிட் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020இல் விதி தளர்ந்தது உண்மை. ஆனால் இரவில் வாசுதேவநல்லூர் பக்கம் டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் கிட் உதவாது. பின்சீட்டும் ஏர்பேக்கும் தொடக்கூடாதவை.

கையாளலுக்கு வந்தால், டயரிலிருந்து தொடங்குங்கள். நல்ல பிடிப்புள்ள டயர், கம்பெனி சொன்ன காற்று, அதையும் காலையில் வண்டி ஓடுமுன் பார்ப்பது. விருதுநகர் மாவட்ட வெயிலில் ஓடிச் சூடேறிய டயரில் அளந்தால் கணக்குத் தப்பும். பிறகு வீல் அலைன்மென்ட். எழுபது எண்பதாயிரம் ஓடிய வண்டியில் தளர்ந்த புஷ்களையும் களைத்த ஷாக் அப்சார்பரையும் மாற்றினால் புதுக் கார் திரும்பி வரும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஈரம் குடித்த ஆயில், புளியரைக்கு மேலே ஆரியங்காவிலிருந்து இறங்கும் சரிவில் கொதித்தால் பெடல் அடிவரை போகும். லோவரிங் ஸ்பிரிங் போட்டுத் தாழ்த்துவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். நம் ஊர்த் தெருவில் அந்த அளவு எங்கே இருக்கிறது? வீட்டில் உள்ள பெரியவர்களை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு மேட்டிலும் அடி தட்டும் கார் அன்றாடக் கார் ஆகாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவான விவரங்களிலிருந்து வண்டி மாறக்கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியின் முதல் கேள்வியும் இதுவாகவே இருக்கும்.

வேகத்தைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் 1990இல் திறந்த இருங்காட்டுக்கோட்டை ஓடுதளமும் கோவையின் கரி ஸ்பீட்வேயும் இருக்கின்றன. அங்கே போய் ஓட்டுங்கள். மதுரை சாலையில் ஆடு மாடும், மில் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் வரும் பெண்களும் இருக்கிறார்கள். கையில் பணம் இருந்தால் இ.சி.யு.வைத் தொடாமல், நான்கு நல்ல டயரையும் பிரேக் பேடையும் வாங்குங்கள்.