கத்தி மூளையில் இருக்கும்போதே விடை வருமா?

மூளைக் கட்டியை அகற்றும்போது அறுவை மருத்துவரை அழுத்தும் கேள்வி, எவ்வளவு வெட்டுவது என்பது. வேகமாக வளரும் வகையென்றால் முடிந்தவரை மிச்சம் வைக்கக் கூடாது. சாதுவான வகையென்றால், பேச்சையோ கைகால் அசைவையோ பறிக்கும் அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் வகை எது? உறையவைத்த திசுச் சீவலை நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்வது சில நேரம் பிசகும். விரிவான மூலக்கூறு சோதனைக்கோ நாள்கணக்கில் ஆகும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2023-இல் நேச்சர் இதழில் விவரித்த ‘ஸ்டர்ஜன்’ என்ற கணினி முறை இந்த இடைவெளியை நிரப்பத்தான் வருகிறது. டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் மீத்தைல் குறிகளின் அமைப்பு கட்டிக்குக் கட்டி மாறும், கைரேகையைப் போல. டி.என்.ஏ.வை வாசிக்கும் நானோதுளைக் கருவி குறுகிய நேரத்தில் அவற்றை ஆங்காங்கே மட்டுமே படிக்கும். அந்தச் சிதறல்களிலிருந்தே வகையைக் கண்டறியச் செயற்கை நுண்ணறிவைப் பழக்கியிருக்கிறார்கள்.

நடந்துகொண்டிருந்த 25 அறுவை சிகிச்சைகளில் இதைச் சோதித்தார்கள். 90 நிமிடத்துக்குள், 18-இல் சரியான வகை கிடைத்தது. மீதி 7-இல் நம்பிக்கை வரம்பை எட்டாததால் உறுதியான விடை தரவில்லை. கால்வாசிக்கு மேல் விடையில்லாத கருவி எதற்கு என்று கேட்கலாம். அந்த மௌனத்தையே நான் அதன் பலமாகக் கருதுகிறேன்: அறுவை அரங்கில் ஆபத்து, தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதில் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. பழக்கிய தரவில் இல்லாத அரிய கட்டியை அதற்கு அடையாளம் தெரியாது. நோயாளிகள் நலமாக, நீண்டகாலம் வாழ்கிறார்களா என்பதற்கும் 25 சிகிச்சைகள் சான்றாகா. அந்தச் சான்று வரும்வரை இதன் விடையை நோயியல் வல்லுநரின் கணிப்போடு சேர்த்தே படிக்க வேண்டும்.