மருந்தை வெல்லும் கிருமிகள்

மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது ஆன்றோர் மொழி. அச்செல்வத்தைக் காக்க வந்த மருந்துகளே இன்று வலுவிழந்து வருகின்றன என்றால் வியப்பாக இல்லையா? இதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் கண்டேன்.

சென்ற ஆண்டு என் பாட்டிக்குச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் உண்டாயிற்று. டாக்டர் 5 நாளுக்கு மாத்திரை கொடுத்தார். 2 நாளிலேயே எரிச்சல் நின்றது. "சரியாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று மீதியை அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் பத்திரப்படுத்தினார் பாட்டி. அடுத்த முறை எரிச்சல் வந்தபோது அந்த மீதியையே விழுங்கினார். மூன்றாம் முறை குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தது, மாத்திரை பயன்படவில்லை. சிறுநீரைக் 'கல்ச்சர்' சோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று காட்டும் சோதனை அது. பெரும்பாலான மருந்துகளுக்கு அடங்காது என்றே முடிவு வந்தது. பாட்டி 7 நாள் ஆஸ்பத்திரியில் தங்கி ஊசி போட்டுக்கொள்ள நேர்ந்தது.

காரணம் என்ன? இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது 'ஈ. கோலை' என்னும் பாக்டீரியா. நம் குடலில் அது சாதுவாகவே வாழ்கிறது. சிறுநீர்ப் பாதையில் நுழைந்தால்தான் தொல்லை. பெண்களுக்கு அப்பாதை குட்டையானது. ஆகவே நமக்கே இந்நோய் அதிகம். தக்க சூழ்நிலையில் இக்கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். 8 மணி நேரத்தில் ஒன்று ஒன்றரைக் கோடிக்கு மேலாகிவிடும்! இத்தனை கோடியில் சில சற்றே மாறுபட்டுப் பிறக்கின்றன. மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, இவை மட்டும் பிழைத்துப் பெருகுகின்றன. சில கிருமிகள் 'பீட்டா லாக்டமேஸ்' என்னும் நொதியைச் சுரந்து பெனிசிலின் வகை மருந்துகளைச் சிதைக்கின்றன. அந்த வித்தையைப் 'பிளாஸ்மிட்' என்னும் டி.என்.ஏ. வளையத்தின் வழியே பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துவிடுகின்றன, தேர்வில் விடைத்தாளைக் காட்டும் தோழியைப் போல!

பெனிசிலினை 1928-இல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-இல் தம் நோபல் பரிசுச் சொற்பொழிவிலேயே, அளவு குறைத்து மருந்து உண்டால் கிருமிகள் அதை எதிர்க்கப் பழகிவிடும் என எச்சரித்தார். நாம் கேட்டோமா? 2012-இல் நம் நாட்டு மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, இம்மருந்துகளை அளவறிந்து பயன்படுத்த வழிகூறும் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட வேண்டியதாயிற்று.

தோழியரே! டாக்டர் சீட்டின்றி இம்மருந்துகளை வாங்கலாகாது. அவர் சொன்ன நாள் முடியும்வரை நிறுத்தலாகாது. மீந்ததைப் பிறருக்குக் கொடுக்கலாகாது. இன்னொன்று: பள்ளி விடும்வரை தண்ணீர் குடிக்காமலும், சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருப்போர் நம்மில் பலர். அது நோயை நாமே அழைப்பதாகும். எரிச்சல் இருந்தால் வெட்கப்படாமல் அன்னையிடமோ ஆசிரியையிடமோ சொல்லுங்கள்.

என் பாட்டி இப்போது மாத்திரை முடிந்ததும் காலி அட்டையை என்னிடம் காட்டுகிறார். வருமுன் காப்போம், மருந்தின் வலிமையையும் காப்போம்!