ஆம்புலன்ஸ் தாமதமாக வந்தால் யார் மீது கேஸ் போடுவது?

ஊட்டி,

குன்னூரை அடுத்த நஞ்சப்பசத்திரம். 2021-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி பகல். முப்படை தலைமை தளபதி பிபின் ராவத் சென்ற ராணுவ ஹெலிகாப்டர் அங்கே காட்டில் விழுந்து தீப்பற்றி எரிந்தது.

தீயணைப்பு படையினர் வந்தார்கள். 108 ஆம்புலன்சும் வந்தது. ஆனால் வண்டி போக அங்கே ரோடு இல்லை! குடத்திலும் வாளியிலும் தண்ணீர் சுமந்தார்கள் ஊர் மக்கள். உயிர் இருந்தவர்களைப் போர்வையில் கிடத்தி, மேட்டில் தூக்கி வந்தார்கள். ஹெலிகாப்டரில் இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே இறந்தனர். மீதி இருந்த விமானப்படை அதிகாரியும் ஒரு வாரம் கழித்து பெங்களூரில் உயிர் இழந்தார்.

நாட்டின் பெரிய தளபதிக்கே மலையில் இந்த நிலைமை. எஸ்டேட் லைன் வீட்டில் நடு ராத்திரி ஒரு கிழவருக்கு நெஞ்சு வலி வந்தால்? கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, மேகமூட்டத்தில் தடவித் தடவி வண்டி வந்து சேர வேண்டும். வருவதற்குள் உயிர் போய்விட்டால், “யாரைப் போய் கேக்குறது?” என்று டீக்கடை பெஞ்சில் பேச்சு வரும். விதி என்று சொல்லி எழுந்து போய்விடுவார்கள்.

சட்டம் அப்படி எழுந்து போய்விடவில்லை. ஆனால் அது சொல்லும் பதில் நேர்க்கோடாகவும் இல்லை. இதே கேள்வி இங்கிலாந்து கோர்ட்டுகளில் வந்து, கிடைத்த பதில்கள் வேடிக்கையானவை.

தீயணைப்புக்கு ஒரு நீதி

அங்கே தீயணைப்பு படை மீது போடப்பட்ட சில வழக்குகளை அப்பீல் கோர்ட்டு ஒன்றாக விசாரித்து 1997-ல் தீர்ப்பு கூறியது. ஒரு வழக்கில், தீ பிடித்த கட்டிடத்தில் தானாகவே தண்ணீர் தெளிக்கும் குழாய்கள் வேலை செய்துகொண்டு இருந்தன. தீயணைப்பு அதிகாரி அவற்றை மூடச் சொன்னார். கட்டிடம் முழுக்க நாசம். “நஷ்ட ஈடு கொடு” என்றது கோர்ட்டு.

இன்னொரு வழக்கில் ஒரு பிரார்த்தனைக் கூடம் எரிந்தது. தெருக் குழாயில் சமயத்துக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. அதற்கு நஷ்ட ஈடு இல்லை! வந்தவர்கள் தங்கள் செயலால் நிலைமையை மோசமாக்கினால்தான் பொறுப்பு. தீயை அணைக்க முடியாமல் போனதற்குப் பொறுப்பு இல்லை என்று நீதிபதிகள் கூறிவிட்டார்கள்.

ஆம்புலன்சுக்கு வேறு நீதி

3 வருடம் கழித்து, 2000-ல், அதே அப்பீல் கோர்ட்டுக்கு ஆம்புலன்ஸ் வழக்கு வந்தது. லண்டனில் ஆஸ்துமாவால் மூச்சுத் திணறிய ஒரு கர்ப்பிணிப் பெண். டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்து, உடனே ஆம்புலன்சுக்கு போன் செய்தார். “வந்துகொண்டே இருக்கிறது” என்று பதில். வந்து சேர 40 நிமிடம் ஆனது. அதற்குள் அந்தப் பெண்ணின் மூச்சு நின்று மூளை பாதிக்கப்பட்டது. கரு கலைந்தது.

தாமதத்துக்கு ஆம்புலன்ஸ் தரப்பால் சரியான காரணம் சொல்ல முடியவில்லை. அதைவிட மோசம், வண்டி போய்ச் சேர்ந்த நேரத்தை ரெக்கார்டில் மாற்றி எழுதி இருந்தது கோர்ட்டில் அம்பலமானது. 3½ லட்சம் பவுனுக்கு மேல் நஷ்ட ஈடு. ஒரு நோயாளிக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு, காரணம் இல்லாமல் தாமதம் செய்தால் பொறுப்பு உண்டு என்பது தீர்ப்பு.

கல்கத்தா தொழிலாளி

நம் நாட்டில் இந்த விஷயத்தில் வழி காட்டியவர் ஒரு விவசாயத் தொழிலாளி. 1992 ஜூலையில் மேற்கு வங்காளத்தில் ரெயிலில் இருந்து விழுந்து தலையில் பலத்த காயம். அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். படுக்கை இல்லை, வசதி இல்லை என்று எல்லா இடத்திலும் கையை விரித்தார்கள். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரி. பில் 17 ஆயிரம் ரூபாய்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 1996-ல் தீர்ப்பு. ஆபத்தில் வந்தவருக்கு அரசு ஆஸ்பத்திரியில் சமயத்தில் சிகிச்சை தராதது, அரசியல் சட்டம் 21-வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது ஆகும் என்று கூறி 25 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பணம் இல்லை என்று அரசு சாக்கு சொல்லக்கூடாது என்றும் கண்டித்தது. நோயாளியை ஏற்றி வரவும் இடம் மாற்றவும் ஆம்புலன்ஸ் ஏற்பாடு சரியாக இருக்கவேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அப்போது 108 பிறக்கவே இல்லை. தமிழ்நாட்டில் அது ஓட ஆரம்பித்தது 2008-ல்.

நீலகிரியில் ஒருவர் வழக்கு போட நினைத்தால் கையில் எடுக்கவேண்டிய தீர்ப்பு இதுதான்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். அங்கே ஒரு முட்டுக்கட்டை. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் செய்யும் மருத்துவச் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது. 108-க்கு நாம் காசு கொடுப்பது இல்லையே! காசு வாங்கும் தனியார் ஆம்புலன்ஸ் என்றால் கதை வேறு. ரசீது முக்கியம். அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் எத்தனை பேர்?

கையெழுத்து போட்டவர் மாட்டினார்

தீயணைப்பு துறை நம் நாட்டில் கோர்ட்டு கூண்டில் ஏறிய பெரிய வழக்கு, டெல்லி உபகார் தியேட்டர் வழக்கு. 1997 ஜூன் 13-ந் தேதி படம் ஓடிக்கொண்டு இருந்தபோது, கீழ்த்தளத்து டிரான்ஸ்பார்மரில் பிடித்த தீயின் புகை மாடிக்கு ஏறி 59 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். தண்டனை பெற்றவர்களில் தீயணைப்பு அதிகாரியும் ஒருவர். தீயை அணைக்காததற்காக இல்லை. தியேட்டரில் பாதுகாப்பு வசதி சரியில்லாமலே ‘ஆட்சேபணை இல்லை’ என்று சான்று கொடுத்ததற்காக!

ஊட்டியிலும் குன்னூரிலும் மூலைக்கு மூலை லாட்ஜும் காட்டேஜும் முளைத்திருக்கும் காலத்தில் இது யோசிக்கவேண்டிய சங்கதி. தீ பிடித்த அன்று வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சான்றில் யார், எதைப் பார்த்து கையெழுத்து போட்டார் என்று கேட்பவர் குறைவு.

தோட்ட முதலாளிக்கும் பொறுப்பு

எஸ்டேட் தொழிலாளிக்கு இன்னொரு கதவும் உண்டு. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தரவேண்டியது முதலாளியின் கடமை என்று 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. முதலாளி செய்யாவிட்டால் அதிகாரியே ஏற்பாடு செய்து, செலவை அவரிடம் வசூலிக்கலாம் என்றும் அதில் இருந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. அதிலும் தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவ வசதி, அல்லது இ.எஸ்.ஐ., என்று இருக்கிறது. ஊட்டியில் 700 படுக்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது. ஆனால் எஸ்டேட்டில் இருந்து அது வரைக்கும் போய்ச் சேரவேண்டுமே!

டிரைவர் பக்கம்

மறுபக்கமும் இருக்கிறது. வண்டி தாமதமாக வந்தால் முதல் அடி விழுவது டிரைவர் மேல். அவரோ அரசு ஊழியர் இல்லை. அரசு ஒப்பந்தத்தில் 108-ஐ நடத்தும் நிறுவனத்தின் சம்பளக்காரர். 12 மணி நேர வேலையை 8 மணி ஆக்கு என்று அவர்கள் சங்கம் கேட்டு வருகிறது. வண்டி எத்தனை, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்பவரும் அவர் இல்லை. கோபத்தில் அவர் மேல் கை வைத்தால் 2008-ம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி 10 வருடம் வரை உள்ளே போகலாம்.

தாமதத்துக்கு ரோட்டில் இருக்கிறவர்களும் காரணம். சீசனில் பர்லியாறில் இருந்து குன்னூர் வரை கார்கள் வரிசை கட்டி நிற்பதை யாரும் மறுக்க முடியாது. வண்டிகளுக்கு இ-பாஸ் என்று ஐகோர்ட்டே 2024-ல் உத்தரவு போடவேண்டி வந்தது. ஆம்புலன்சுக்கோ தீயணைப்பு வண்டிக்கோ வழி விடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். 2019-ல் கொண்டுவந்த பிரிவு இது.

அதே திருத்தத்தில் இன்னொன்றும் உண்டு. விபத்தில் கிடப்பவரை நல்லெண்ணத்தோடு தூக்கிக் காப்பாற்றும்போது தவறிப்போய் ஏதாவது ஆகிவிட்டால், தூக்கியவர் மேல் கேஸ் கிடையாது. பெயர் சொல் என்று போலீஸ் கட்டாயப்படுத்தவும் முடியாது. 2023 செப்டம்பர் 30-ந் தேதி மரப்பாலம் அருகே டூரிஸ்டு பஸ் பள்ளத்தில் உருண்டு 9 பேர் இறந்தது போன்ற சம்பவங்களில் இது உதவும் பாதுகாப்பு.

வழக்கு என்று போனால், கோர்ட்டு முதலில் பார்ப்பது நேரத்தைத்தான். 108-க்கு போன் செய்த நேரம் செல்போனிலேயே இருக்கும், அழிக்கக்கூடாது. வண்டி வந்த நேரம், ஆஸ்பத்திரி சேர்ந்த நேரம் இரண்டையும் துண்டுச் சீட்டில் குறித்து, பக்கத்தில் இருந்த ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வைக்கலாம். அரசு தரப்பு ரெக்கார்டை தகவல் உரிமைச் சட்டத்தில் சுகாதாரத் துறையிடம் மனு கொடுத்துக் கேட்கலாம். லண்டன் வழக்கில் பொய் எழுதிய ரெக்கார்டுதான் உண்மையைக் காட்டிக் கொடுத்தது.