அரியணை ஏறிய கோமாளி: ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ குறித்த பார்வையாளர் கருத்துகளும் காவிரிப்படுகை நாடக மரபும்

ஆய்வுச்சுருக்கம்

2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ என்னும் அரசகால நகைச்சுவைத் திரைப்படம் குறித்துத் தமிழ்ப் பார்வையாளரிடையே ஒன்றோடொன்று முரணும் கருத்துகள் வழங்குகின்றன. அவற்றைத் தனித்தனி விருப்பு வெறுப்புகளாகக் கொள்ளாமல், தொல்காப்பியம் கூறும் நகை மெய்ப்பாட்டின் துணைகொண்டும், தஞ்சைப் பகுதியின் நாடக மரபு, அரச வரலாறு ஆகியவற்றின் பின்னணியிலும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: நகை, எள்ளல், மடன், கட்டியக்காரன், சிலேடை, தஞ்சை மராத்தியர்.

முன்னுரை

சிம்புதேவன் இயக்க, இயக்குநர் ஷங்கரின் எஸ் பிக்சர்ஸ் நிறுவனம் தயாரித்த இத்திரைப்படத்தின் கதை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோழபுரம் பாளையம் என்னும் கற்பனை நாட்டில் நிகழ்கிறது. இருபத்திரண்டு குழந்தைகளை இழந்த அரச குடும்பத்தில் இரட்டையர் பிறக்கின்றனர். தாய்மாமன் சங்கிலிமாயன் அறிவுள்ள குழந்தையைக் கொல்லப் பணித்துவிட்டு, தன் சொற்படி ஆடக்கூடிய மற்றொரு குழந்தையைப் புலிகேசி எனும் அரசனாக வளர்க்கிறான். கொல்லப்படாமல் தப்பிய உக்கிரபுத்திரன் பின்னர் அவனிடத்தில் அமர்கிறான். இவ்விரு வேடங்களையும் வடிவேலு ஏற்றார்.

ஆள்மாறாட்டக் கதை தமிழ்த் திரைக்குப் புதிதன்று. ‘உத்தம புத்திரன்’ 1940இல் பி. யு. சின்னப்பா நடிப்பிலும் 1958இல் சிவாஜி கணேசன் நடிப்பிலும் வெளிவந்தது. ‘நாடோடி மன்னன்’ (1958) எம்.ஜி.ஆரின் இரட்டை வேடப் படமாகும். வீர நாயகர்க்குரியதாக விளங்கிய இவ்வடிவம் நகைச்சுவை நடிகர் ஒருவர்க்குக் கைமாறியதே இத்திரைப்படத்தின் புதுமை.

இதைப் பற்றி வழங்கும் கருத்துகளை மூன்றாக வகுக்கலாம். புலிகேசி ஆளும் பகுதி சுவையுடையது, உக்கிரபுத்திரன் ஆளும் பகுதி தொய்வுடையது என்பது முதற்கருத்து. இது பழங்கதையன்று, இக்கால ஆட்சியைப் பற்றிய கேலி என்பது இரண்டாவது. அரசரையும் வரலாற்றையும் இது சிறுமைப்படுத்துகிறது என்பது மூன்றாவது.

நகையின் நிலைக்களன்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை வகுத்துள்ளது. இவற்றுள் பின்னைய மூன்றும் புலிகேசி என்னும் பாத்திரத்தின் இயல்புகளாகவே அமைந்துள்ளன. அவனுடைய பிடிவாதமும் விளையாட்டும் இளமையின்பாற்படும். தன் வலிமையைத் தானே அறியாமை பேதைமையாகும். மாமன் கூறியதை ஆராயாது ஏற்று, ஏற்றதை விடாது பற்றி நிற்றல் மடனாகும்.

எள்ளல் இவற்றினின்று வேறுபடுகிறது. எள்ளுவோர், எள்ளப்படுவோர் என இரு தரப்பு இருந்தாலன்றி அது நிகழாது. ஏனைய மூன்றும் பாத்திரத்திடம் தோன்ற, எள்ளல் பார்வையாளரிடம் தோன்றுகிறது. எள்ளப்படுபவர் யார் என்பதைப் பார்வையாளரே முடிவு செய்கின்றனர். இத்திரைப்படம் பற்றிய கருத்துகள் பிரியும் இடம் இதுவே. புலிகேசியின் மடமையைக் கண்டு நகுவதில் பெரும்பாலும் கருத்து வேறுபாடு எழுவதில்லை. அந்நகை யாரைச் சுட்டுகிறது என்பதிலேயே வேறுபாடு தோன்றுகிறது.

கட்டியக்காரனின் இடம்

முதற்கருத்தை விளங்கிக்கொள்ளக் காவிரிப்படுகையின் நாடக மரபு துணைபுரியும். தஞ்சை மராத்திய அரசர் இரண்டாம் சரபோஜியின் காலத்தில் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய ‘சரபேந்திர பூபாலக் குறவஞ்சி’ பெரிய கோயிலில் ஆடப்பட்டது. குறவஞ்சி நாடகங்களில் கட்டியக்காரன் முன்னே தோன்றித் தலைவனின் வருகையை அறிவிப்பான். மெலட்டூர் பாகவத மேளாவில் கோணங்கி முதலில் ஆடிவந்து அவையை மகிழ்விப்பான். நகைக்குரியவர் அரங்கின் விளிம்பில் நிற்க, அரசன் நடுவே அமர்வான். அவன் நகைப்பொருள் ஆவதில்லை. இப்பகுதியின் இரணிய நாடகத்தில் வரும் கொடுங்கோலனும் அச்சத்திற்குரியவனே.

சிம்புதேவனின் திரைப்படம் இவ்வமைப்பை மாற்றிவிடுகிறது. விளிம்பில் நின்ற கோமாளி அரியணையில் அமர்கிறான். அரசனும் கோணங்கியும் ஓருடலில் இணைகின்றனர். கதையின் பிற்பகுதியில் உக்கிரபுத்திரன் அரசனாகும்போது இவ்விணைப்பு குலைந்து பழைய அமைப்பே மீள்கிறது. அரசன் மீண்டும் நகைக்கு அப்பாற்பட்டவன் ஆகிறான். பிற்பகுதி தொய்வுடையது என்னும் கருத்தைத் திரைக்கதையின் வேகம் பற்றிய குறையாக மட்டும் கொள்ள வேண்டியதில்லை. படம் தான் தொடங்கிய புதுமையைக் கைவிடும் இடத்தைப் பார்வையாளர் நுட்பமாக உணர்ந்ததன் வெளிப்பாடாகவும் அதனைக் கொள்ளலாம்.

புலவரும் உரையும்

இரண்டாம் கருத்துக்கு அடிப்படையாவது படத்தின் மொழி. அரசகாலத் திரைப்படங்களின் அடுக்குமொழி உரையாடல், இளங்கோவன் எழுதிய ‘கண்ணகி’ (1942) முதலாக வளர்ந்த ஒன்று. அன்றைய தஞ்சை மாவட்டத்துத் திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதி ‘மந்திரிகுமாரி’ (1950), ‘மனோகரா’ (1954) ஆகியவற்றின் வாயிலாக அதனை மேடைப்பேச்சுக்கு நிகரான அரசியல் மொழியாக்கினார். அம்மொழியின் ஓசையைப் புலிகேசி கடன்வாங்குகிறான். ஆனால் அதற்குரிய வீரம் அவனிடம் இல்லை. ஓசைக்கும் பொருளுக்கும் இடையே விழும் இடைவெளியில் நகை பிறக்கிறது.

பாணபத்திர ஓணாண்டி என்னும் புலவர் தோன்றும் காட்சி இதன் உச்சம். திருவிளையாடற் புராணத்துப் பாணபத்திரரின் பெயரைத் திரித்து அமைந்த பெயர் இது. புலவரின் பாடல் கேட்ட அளவில் வசையாக ஒலிக்கிறது. அரசன் சினந்து வினவ, புலவரோ அதே சொற்களுக்குப் புகழுரை கூறிப் பரிசுக்குரியவராகிறார். காளமேகத்தின் சிலேடை மரபையும் வஞ்சப்புகழ்ச்சி அணியையும் அறிந்தோர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். வஞ்சப்புகழ்ச்சியில் புகழும் பழியும் ஒரே கூற்றுக்குள் அடங்கும். இங்கோ பாடல் பழிக்க, உரை புகழ்கிறது. பாடலின் பொருளை அரசன் உரையின் வழியே அறிகிறான். அவையோர் பாடலின் வழியே அறிகின்றனர். அதிகாரத்தின் முன் உண்மையைச் சொல்லவும் சொன்னதை மறைக்கவும் உரை பயன்படுவதை இக்காட்சி காட்டுகிறது. தன் தலையை வலிய உடலொன்றில் பொருத்தி ஓவியம் தீட்டுமாறு புலிகேசி பணிக்கும் காட்சியும் இவ்வகையினதே. வரலாற்றுச் சான்று எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்னும் வினாவை அது நகைவழி எழுப்புகிறது.

‘அக்காமாலா’, ‘கப்சி’ என்னும் குளிர்பானங்களுக்கு அரசனே விளம்பரம் செய்யும் பகுதி இக்கால நோக்கை வெளிப்படையாக்குகிறது. திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டானில் தாமிரபரணி நீரைச் சார்ந்து அமைந்த குளிர்பான ஆலைக்கு எதிர்ப்பு எழுந்திருந்த காலம் அது. படம் வெளிவந்த ஏழு மாதங்களில், 2007 பிப்ரவரி 5 அன்று, காவிரி நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. ஆற்று நீரை நம்பிக் குறுவையும் சம்பாவும் பயிரிடும் மண்ணில், நீரை விற்பனைப் பொருளாக்கும் அரசன் வெறும் கற்பனைப் பாத்திரமாக நின்றுவிட இயலாது. சோவின் ‘முகமது பின் துக்ளக்’ (1971) பழங்கால அரசனை நிகழ்காலத்திற்குக் கொணர்ந்தது. இத்திரைப்படமோ நிகழ்காலத்தைப் பழங்காலத்திற்குக் கொண்டுசெல்கிறது.

நாடில்லா அரசர்

மூன்றாம் கருத்து எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தஞ்சையில் அதற்குத் தனி அழுத்தம் உண்டு. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி இரண்டாம் சரபோஜி நாட்டின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் ஒப்படைத்தார். கோட்டையும் ஆண்டுத்தொகையும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே அவருக்கு எஞ்சின. முடி உண்டு, நாடு இல்லை என்னும் இந்நிலை 1855இல் அம்மரபு முடிவுறும் வரை நீடித்தது. கும்பினிக்கு அடங்கிய அரசன் என்னும் வகைமைக்குத் தஞ்சை அரண்மனை நேர்ச் சான்றாகிவிடும் இடர் இங்கு உள்ளது.

ஆனால் அதே சரபோஜி சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர், மருத்துவ நூல்களைத் தொகுப்பித்தவர், அச்சகம் நிறுவியவர். ஆட்சியை இழந்த அரசர் அனைவரும் புலிகேசிகள் என்று கொண்டால் இவ்வரலாறு மறைந்துபோகும். அவ்வகையில் மூன்றாம் கருத்தின் கவலை நியாயமானது. எனினும் திரைப்படம் எந்த அரசரையும் பெயர் சுட்டவில்லை. சோழப் பெயரையும் தென்பாண்டிப் பகுதிக்குரிய பாளைய முறையையும் இணைத்து, எங்குமில்லாத நாடொன்றைப் படைத்துக்கொண்டது. புலிகேசி என்னும் பெயரும் வாதாபிச் சாளுக்கியர்க்குரியது. கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ அப்பெயரைத் தமிழ் வாசகரிடம் பகையரசனின் பெயராக நிலைநிறுத்தியது. அப்புதினத்திலும் புலிகேசிக்கு உருவம் ஒத்த உடன்பிறப்பு உண்டு என்பது எண்ணத்தக்கது. எள்ளல் நம் மண்ணின் அரசர் எவர்மீதும் நேராகப் படியாதவாறு பெயரும் இடமும் தெரிவு செய்யப்பட்டுள்ளன எனலாம்.

எள்ளலின் எல்லை

இத்திரைப்படத்தின் மீது வைக்கத்தக்க வலிய திறனாய்வு வேறிடத்தில் உள்ளது. மக்கள் புலிகேசியை எள்ளி நகைத்த பின்பும் மற்றோர் அரசனையே பெறுகின்றனர். உக்கிரபுத்திரன் நல்லவன், ஆயினும் அவனும் குருதி உரிமையாலேயே அரியணை ஏறுகிறான். சாதிச் சண்டைக்கென மைதானம் அமைக்கும் அரசனைக் காட்டி நகைக்கவைத்த படம், பிறப்பு ஒருவனுக்குத் தரும் உரிமையைப் பற்றி வினவவில்லை. அரசன் மாறினால் போதும் என்னும் தீர்வோடு எள்ளல் நின்றுவிடுகிறது.

முடிவுரை

பார்வையாளரின் மூன்று கருத்துகளும் கோமாளி அரியணை ஏறிய ஒரே நிகழ்விலிருந்து கிளைத்தவை. அவன் இறங்கியதும் சுவை குன்றியதை முதற்கருத்து கூறுகிறது. அவன் வடிவில் இன்றைய ஆள்வோரைக் கண்டதை இரண்டாவது கூறுகிறது. உண்மையான அரசரும் அவ்வாறே எள்ளப்படுவரோ என்னும் அச்சத்தை மூன்றாவது கூறுகிறது. நகையின் களன்களுள் எள்ளலைத் தனித்து நோக்கும்போது இம்முரண்கள் ஒழுங்குபெறுகின்றன. திரைப்பட நகைச்சுவையைப் பொழுதுபோக்கு எனக் கடந்துசெல்லும் ஆய்வுகள், மெய்ப்பாட்டியலையும் வட்டார நாடக மரபையும் துணைக்கொள்ளின், பார்வையாளரின் சிரிப்பையும் ஒரு திறனாய்வாகப் படிக்க இயலும்.