சர்வரின் வேகத்தை அளந்தறிதல்

பத்துப் பேர் கூடி வேலை செய்யும் இடம் எதுவாயினும், அது தணிக்கையாளர் அலுவலகமோ, பள்ளிக்கூடமோ, அச்சகமோ, அங்கே கோப்புகளையெல்லாம் ஒரே இடத்தில் காத்து, கேட்பவர்க்குக் கேட்டபோது எடுத்து வழங்கும் கம்ப்யூட்டர் ஒன்று இன்று பெரும்பாலும் இருக்கிறது. மற்றக் கம்ப்யூட்டர்கள் யாவும் கேபிள் மூலம் அதனோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. இதனைச் சர்வர் என்று வழங்குகிறோம். அது செவ்வனே இயங்கும்வரையில் அதனை ஒருவரும் நினைப்பதில்லை. அது தாமதிக்கத் தொடங்கியதும் அலுவலகம் முழுவதும் அதைப் பற்றியே பேசுகிறது. புதிய யந்திரம் வாங்கினால்தான் தீரும் என்பார் ஒருவர். கேபிளை மாற்ற வேண்டும் என்பார் மற்றொருவர். இந்த யோசனைகளில் எதனை ஏற்பது? அளந்து பார்த்த பின்னரே ஏற்க வேண்டும் என்பதே நமது விடை. அளக்கும் முறை கடினமானதன்று.

இதனை விளங்கிக்கொள்ள மும்பை நகரின் கிங்ஸ் சர்க்கிளை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ளலாம். மாதுங்காவைச் சேர்ந்த இப்பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவருகின்றன. வட்டத்தின் நடுவிலுள்ள பூங்காவுக்கு இப்போது மகேஷ்வரி உத்யானம் என்று பெயர். ஆண்டுதோறும் பருவமழை வலுக்கும்போது இவ்விடத்தில் நீர் தேங்கும் செய்தியைப் பத்திரிகைகளில் காண்கிறோம். நகரத்தின் பழைய மழைநீர்க் கால்வாய்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்குமாறு அமைக்கப்பட்டவை. அதுவும் கடலில் நீர் வற்றியிருக்கும் வேளைக்கே அந்தக் கணக்குப் பொருந்தும். 1985-ஆம் ஆண்டின் வெள்ளத்துக்குப் பிறகு ஆராய்ந்து, 1993-இல் அளிக்கப்பட்ட திட்ட அறிக்கை இந்த அளவை 50 மில்லிமீட்டராக உயர்த்த வேண்டும் என்றது. பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே வேளையில் நேர்ந்தால், கால்வாய் கடலில் சேரும் வாய் அடைபடுகிறது. அப்போது தெருவோரத்துச் சாக்கடையை எவ்வளவு அகலமாக்கினாலும் பயனில்லை. நீர் வடியும் வேகத்தை நிர்ணயிப்பது பாதையின் மிகக் குறுகிய இடம் ஒன்றே.

சர்வரின் நிலையும் இத்தகையதே. ஒருவர் தம் மேசையிலிருந்து ஒரு கோப்பைக் கேட்கிறார். அந்த வேண்டுகோள் கேபிள் வழியாகவும், ஸ்விட்ச் என்னும் இணைப்புப் பெட்டி வழியாகவும் சர்வரை அடைகிறது. பிராசசர் அதனை ஆராய்கிறது. கோப்பு மெமரியில் முன்பே இருந்தால் உடனே கிடைக்கிறது. இல்லையேல் டிஸ்கில் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. பின்னர் வந்த வழியே திரும்புகிறது. கேபிள், பிராசசர், மெமரி, டிஸ்க் ஆகிய நான்கில் எது குறுகியதோ, அதுவே முழுப் பாதையின் வேகம். மற்ற மூன்றையும் செலவு செய்து பெருக்குவது, கடல்வாயை விட்டுவிட்டுத் தெருச் சாக்கடையை அகலமாக்குவதற்கு ஒப்பாகும்.

இந்நான்கின் இயல்பான ஆற்றலைச் சில எண்களால் அறிவோம். அலுவலகங்களில் இப்போது பொதுவாகக் காணப்படும் இணைப்பு விநாடிக்கு 1000 மெகாபிட் வேகமுடையது. இது நடைமுறையில் விநாடிக்குச் சுமார் 110 மெகாபைட் செய்தியைக் கொண்டுசெல்லும். ஆகவே 600 மெகாபைட் உள்ள பெரிய கோப்பொன்று ஏறக்குறைய 6 விநாடியில் வந்து சேர வேண்டும். ஆனால் இவ்வேகத்துக்குக் கேபிளின் உள்ளே இருக்கும் 8 கம்பிகளும் நன்றாக இருத்தல் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலும், இணைப்பு முனையில் மழைக்கால ஈரத்தால் களிம்பேறினாலும், பல கருவிகள் யாரிடமும் சொல்லாமல் 100 மெகாபிட் வேகத்துக்கு இறங்கிவிடும். அந்த வேகத்துக்கு 4 கம்பிகள் போதும். இணைப்பு அறுபடாதபடியால் பழுது எவர்க்கும் தெரிவதில்லை. அதே கோப்பு வந்து சேர மட்டும் ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஆகிறது. இத்தகைய பழுதுக்குப் புதிய சர்வர் வாங்கியவர் பணத்தை இழப்பார், வேகத்தை அடையார்.

டிஸ்கின் குறை வேறு வகையானது. நிமிஷத்துக்கு 7200 முறை சுழலும் டிஸ்க், ஒரு சுற்றுக்கு ஆயிரத்தில் 8 விநாடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்கிறது. படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகர்வதற்கும், அந்த இடம் சுழன்று வருவதற்கும் சேர்த்து, ஒரு தேடலுக்கு ஆயிரத்தில் 12 அல்லது 13 விநாடி ஆகும். அதாவது விநாடிக்கு 80 தேடல்களே அதனால் இயலும். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 10 பேர் ஒரே வேளையில், ஒவ்வொன்றும் 400 சிறு கோப்புகள் கொண்ட கட்டுகளைத் திறக்கிறார்கள்; ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு தேடல் வேண்டும் என்று கொள்வோம். மொத்தம் 4000 தேடல்கள், 50 விநாடி. கேபிளோ பெரும்பாலும் சும்மா இருக்கிறது. சுழலும் பாகம் எதுவுமில்லாத மின்னணு டிஸ்கு, விநாடிக்குப் பல்லாயிரம் தேடல்களைச் செய்ய வல்லது. எனவே சிறு கோப்புகள் மிகுந்த இடத்தில் அதன் பயன் பெரிது.

இனி, நேயர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்றைக் கூறுவோம். அன்று எவரும் திறவாத பெரிய கோப்பொன்றைச் சர்வரிலிருந்து ஒரு மேசைக்குப் படியெடுத்து, ஆகும் விநாடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே வேறொரு மேசையிலிருந்து அதே கோப்பைப் படியெடுங்கள். முதல்முறை அது டிஸ்கிலிருந்து வந்தது. இரண்டாம் முறை பெரும்பாலும் சர்வரின் மெமரியிலிருந்தே வந்திருக்கும். இரண்டாம் முறை மிக விரைவாக இருந்தால், குறுகிய இடம் டிஸ்க் என்று சந்தேகிக்கலாம். இரண்டு முறையும் ஒரே அளவில் தாமதமானால், கேபிளையும் ஸ்விட்சையும் பார்க்க வேண்டும். ஒரு மேசை மட்டும் தாமதித்து மற்றவை விரைந்தால், பழுது அந்த ஒரு மேசைக்குச் செல்லும் கேபிளில் இருக்கக்கூடும். மூன்றாவதாக, ஆயிரம் சிறு கோப்புகள் அடங்கிய கட்டு ஒன்றைப் படியெடுத்து நேரத்தைக் குறியுங்கள். பெரிய கோப்பு விரைந்து வந்து, சிறு கோப்புகள் மட்டும் தாமதித்தால், குறை தேடலில் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இச்சோதனைகளோடு சர்வர் தானே கூறும் எண்களையும் படிக்கலாம். லினக்ஸ் முறையில் இயங்கும் சர்வரில் டாப், ஐஓஸ்டாட் என்னும் கட்டளைகளும், விண்டோஸில் பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர் என்னும் கருவியும் இதற்கென்றே உள்ளன. பிராசசர் நூற்றுக்கு எத்தனை பங்கு வேலையில் ஈடுபட்டிருக்கிறது, டிஸ்கின் வாயிலில் எத்தனை வேண்டுகோள்கள் காத்திருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் காத்தது, மெமரி போதாமல் டிஸ்கைக் கடன் கேட்கிறதா என்பவற்றையே முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு கணித உண்மையை மறத்தலாகாது. டென்மார்க் தேசத்தில் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங் என்னும் அறிஞர், டெலிபோன் அழைப்புகளின் போக்கை 1909-இல் கணித முறையில் ஆராய்ந்து எழுதினார். அவ்வழியில் வளர்ந்த சாஸ்திரம் கூறுவது இது: வேண்டுகோள்கள் ஒழுங்கின்றி வந்துகொண்டிருக்கும் இடத்தில், யந்திரம் தன் நேரத்தில் பாதியை வேலையில் கழித்தால், ஒரு வேலை முடிவதற்கு ஆகும் நேரம் இரு மடங்காகும், நூற்றுக்கு 80 பங்கானால் 5 மடங்கு, 90 பங்கானால் 10 மடங்கு, 95 பங்கானால் 20 மடங்கு. சுமை சிறிதே கூடியிருக்கத் தாமதம் திடீரென்று பெருகுவதன் காரணம் இதுவே. நேற்றுவரை ஒழுங்காக இருந்த சர்வர் இன்று ஏன் இப்படிச் செய்கிறது என்று பலர் வியப்பதற்கு விடையும் இதுவே. ஆதலின் நாள் முழுவதுக்குமான சராசரியைப் பார்த்து மனநிறைவு கொள்ளலாகாது. சராசரி 20 பங்கு என்று காட்டும் சர்வர், காலை 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் 95 பங்கில் திணறிக்கொண்டிருக்கலாம். அளக்க வேண்டியது நெருக்கடியான அந்த வேளையைத்தான்.

காரணம் தெரிந்த பிறகு செய்ய வேண்டிய திருத்தங்களில், செலவில்லாதவற்றை முதலில் செய்வது முறை. பாதுகாப்புக்காகப் பிரதி எடுக்கும் வேலையும், வைரஸ் தேடும் வேலையும் அலுவலக நேரத்தில் நடைபெற்றால் அவற்றை இரவுக்கு மாற்றலாம். டிஸ்க் நிரம்பி வழியும் நிலையிலிருந்தால் பழைய கோப்புகளை வேறிடம் சேர்க்கலாம். அடுத்தபடி கேபிளும் ஸ்விட்சும், பிறகு மெமரி, அதன் பின்னரே டிஸ்கும் புதிய யந்திரமும். எதைச் செய்தாலும் ஒரு முறைக்கு ஒரு மாற்றமே செய்து, மீண்டும் அளக்க வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றியவர், பயன் தந்தது எது என்பதை ஒருநாளும் அறியார்.

வேகத்துக்காகக் காப்பை விற்றுவிடும் திருத்தங்களும் சில உண்டு. கோப்பு டிஸ்கில் எழுதப்படுமுன்னரே எழுதியாகிவிட்டது என்று சர்வர் பதில் கூறுமாறு அமைக்க முடியும். அதனால் வேகம் கூடுவது உண்மையே. ஆனால் அந்த இடைவெளியில் மின்சாரம் நின்றால், எழுதிவிட்டதாக நாம் நம்பிய கணக்கு எங்கும் இராது. இத்தகைய வேகத்தை விரும்பாதிருப்பதே நலம்.

தாமதத்தைக் கவனிக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது வெறும் சௌகரியத்துக்காக அன்று. பல சர்வர்களில் டிஸ்குகள் கூட்டாக அமைக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று கெட்டாலும் மற்றவற்றிலுள்ள செய்தியைக் கொண்டு, இழந்ததைக் கணக்கிட்டு வழங்கும் ஏற்பாடு அது. வேலை நிற்பதில்லை, கணக்கிடும் சிரமத்தால் தாமதம் மட்டும் ஏற்படுகிறது. எச்சரிக்கை விளக்கை எவரும் பாராத அலுவலகத்தில் அந்தத் தாமதம் ஒன்றே எச்சரிக்கை. அதனை அலட்சியம் செய்து, இரண்டாவது டிஸ்கும் கெட்டால், ஒரு டிஸ்கின் இழப்பை மட்டும் தாங்கும் அமைப்பில் அனைத்தும் போய்விடும்.

மற்றோர் ஆபத்து மனித இயல்பிலிருந்து பிறக்கிறது. சர்வர் தாமதித்தால் ஊழியர்கள் அதனைக் கைவிடுகிறார்கள். வரிக் கணக்குச் செலுத்தும் கடைசி வாரத்தில், பொறுமையிழந்த குமாஸ்தா கோப்பைத் தம் மேசைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துத் திருத்துகிறார். அடுத்த மேசையில் அதே கோப்பின் பழைய பிரதியை இன்னொருவர் திருத்துகிறார். எது சரியான கணக்கு என்பது பின்னர் ஒருவர்க்கும் தெரிவதில்லை. இரவில் எடுக்கப்படும் பாதுகாப்புப் பிரதியில் அவ்விரண்டும் சேர்வதுமில்லை.

கிங்ஸ் சர்க்கிள் போன்ற தாழ்ந்த பகுதியிலுள்ளவர்கள் வைக்கும் இடத்தையும் எண்ண வேண்டும். 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அத்தகைய நாளில் தரைத்தளத்தில், மேசைக்கு அடியில் வைத்த யந்திரத்தின் வேகத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. சர்வர் உயரத்தில் இருக்கட்டும். ஒரு பிரதி வேறோர் ஊரில் இருக்கட்டும்.

முடிவாக, இவ்வளவும் பயன்தர ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வேண்டும். சர்வர் நன்றாக இயங்கும் நாளிலேயே, மேற்கூறிய மூன்று சோதனைகளின் விநாடிகளையும் தேதியிட்டு அதில் எழுதத் தொடங்குங்கள். வாரம் ஒருமுறை, நெருக்கடி மிகுந்த அதே வேளையில், எழுதிவாருங்கள். உடல் நலமாக இருக்கும்போது நாடி எப்படி ஓடுகிறது என்று அறிந்த வைத்தியருக்கே, நோயில் அது எவ்வளவு மாறியிருக்கிறது என்பது புரியும். சென்ற மாதம் 6 விநாடியாக இருந்தது இன்று 55 ஆயிற்று என்ற ஒரு வரி, பத்துப் பேரின் ஊகங்களைக் காட்டிலும் பழுது பார்க்க வருபவருக்கு உதவும். அந்த வரியை எழுதுவதற்கு வாரத்தில் 10 நிமிஷம் போதும்.