திரையில்லாத சர்வரில் உறைந்தது யார்?

மானிட்டரோ விசைப்பலகையோ இல்லாமல் ரேக்கில் ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் சர்வரில் மெய்நிகர் கணினி நிறுவ முயல்கிறவர்கள் பலரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய், வர்ட்-இன்ஸ்டால் கட்டளையில் நினைவகம் இவ்வளவு, வட்டு இவ்வளவு, நிறுவ வேண்டிய ஐஎஸ்ஓ கோப்பு இது என்று கொடுத்து என்டர் தட்டினால், வரைகலைத் திரையைக் காட்ட வர்ட்-வியூவர் இல்லையென்று ஓர் எச்சரிக்கை வரும். அடுத்து, ‘டொமைன் இன்னும் ஓடுகிறது, நிறுவல் நடந்துகொண்டிருக்கலாம், முடியும்வரை காத்திருக்கிறேன்’ என்ற பொருளில் ஒரு வரி; டொமைன் என்று அது சொல்வது அந்த மெய்நிகர் கணினியைத்தான். அதற்குப் பிறகு அரை மணி நேரம் ஆனாலும் ஓர் எழுத்து வராது. ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று முடிவுகட்டி, டொமைனை அழித்து, ஐஎஸ்ஓவை மறுபடி பதிவிறக்கி, நினைவகத்தை இரட்டிப்பாக்கி மீண்டும் முயல்வார்கள். மீண்டும் அதே மௌனம்தான். பெரும்பாலான நேரங்களில் அங்கே எதுவும் உறைந்திருப்பதில்லை. உள்ளே இருக்கும் கணினி வேலையைச் செய்துகொண்டோ, நம்மிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்துக்கொண்டோ இருக்கிறது. வடக்குத் தெருவில் கூத்து நடக்க, தெற்குத் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்தவர் ‘கூத்தே இல்லை’ என்று சொல்வது போன்றதுதான் இந்த ‘ஹேங்’. திரையில்லாத சர்வரில் எதையும் திருத்தப் போவதற்கு முன்னால், பார்க்க ஒரு வழி உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் வாதம்.

மௌனத்தின் காரணம்

மெய்நிகர் கணினி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் இந்த மௌனம் புரியும். 1974இல் ஜெரால்டு போப்பெக், ராபர்ட் கோல்டுபெர்க் ஆகிய இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஒரு மெய்நிகராக்க மென்பொருளுக்கு மூன்று இலக்கணங்களை வகுத்தது: உள்ளே ஓடும் நிரல் உண்மைக் கணினியில் ஓடுவது போலவே நடந்துகொள்ள வேண்டும், வளங்கள் எல்லாம் வெளியில் இருக்கும் மென்பொருளின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், பெரும்பாலான ஆணைகள் நேரடியாகச் செயலியிலேயே ஓட வேண்டும். நம் மேசைகளில் இருக்கும் எக்ஸ்86 வகைச் செயலிகள் இந்த இலக்கணத்துக்கு எளிதில் அடங்கவில்லை. இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் இதற்கென்றே தனி வசதிகளைச் செயலிக்குள் சேர்த்த பிறகுதான் வழி சீரானது. அந்த வசதிகளைப் பயன்படுத்தும் கேவிஎம், இஸ்ரேலின் கும்ராநெட் நிறுவனத்தில் உருவாகி, 2007 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.20இல் இடம்பெற்றது. கேவிஎம் செயலியையும் நினைவகத்தையும் கவனித்துக்கொள்ள, வட்டு, வலை அட்டை, திரை அட்டை போன்ற மற்ற உறுப்புகளை எல்லாம் போலியாக உண்டாக்கித் தருவது ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2003இல் வெளியிட்ட கியூஎமு. இவற்றை மேலிருந்து நிர்வகிப்பது லிப்வர்ட்.

இப்போது முதல் இலக்கணத்தை மறுபடி பாருங்கள். உள்ளே ஓடும் கெஸ்ட், தான் ஓர் உண்மையான கணினியில் இருப்பதாகவே நம்புகிறது. அதற்கு ஒரு திரை அட்டை கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு மானிட்டர் செருகப்பட்டிருக்கும், எதிரே ஓர் ஆள் இருப்பார் என்ற எண்ணத்தில் நிறுவல் நிரல் தன் பட்டியலை அங்கே வரைகிறது. அந்தத் திரை கியூஎமுவின் நினைவகத்தில் இருக்கும் ஒரு படம் மட்டுமே. அதைக் காட்டும் மென்பொருள் சர்வரில் இல்லாததால் படம் யார் கண்ணிலும் படுவதில்லை. மெய்நிகராக்கம் பழுதானதால் வந்த மௌனமில்லை இது. மெய்நிகராக்கம் தன் இலக்கணத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியதால் வந்த மௌனம்.

இதற்கு நேரடிச் சான்று வேண்டுமென்றால் லிப்வர்ட்டிலேயே இருக்கிறது. வர்ஷ் என்ற கட்டளைக் கருவியில் டொமைனின் புள்ளிவிவரங்களைக் கேட்டால், செயலி நேரம் எவ்வளவு செலவானது, வட்டிலிருந்து எத்தனை பைட்டுகள் படிக்கப்பட்டன என்று சொல்லும். சில விநாடிகள் விட்டு மறுபடி கேட்டு, எண்கள் ஏறியிருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. எண்கள் ஏறாவிட்டாலும் அது செத்துவிட்டதாகப் பொருள் இல்லை; விசை அழுத்தத்துக்காகக் காத்திருக்கும் நிரலும் செயலியை அதிகம் தொடாது. அப்போது உதவுவது வர்ஷின் ஸ்கிரீன்ஷாட் கட்டளை. கெஸ்ட்டின் திரையில் அந்த நொடியில் என்ன இருக்கிறதோ அதை ஒரு படக்கோப்பாகச் சேமித்துத் தரும். அதை நம் மடிக்கணினிக்கு நகலெடுத்துத் திறந்தால், உபுண்டு சர்வராக இருந்தால், மேலே பல மொழிகளில் நல்வரவு, கீழே மொழிகளின் பட்டியல், மேல்-கீழ் அம்பு விசைகளால் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஒரு வரி என்று முதல் பக்கம் அப்படியே நிற்கும். ஒரு மணி நேரமாக உறைந்து கிடந்ததாக நாம் நினைத்தது, ‘எந்த மொழி வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

எழுத்து வரும் வழி

இதற்கான மருந்து மிகப் பழையது. ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்புத் தரம் 1960இல் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எழுத்துகளை மட்டும் அனுப்பும் அந்த வழியை கியூஎமுவும் போலியாக உண்டாக்கித் தருகிறது. வர்ஷ் கன்சோல் என்ற கட்டளை நம்மை இணைப்பது அந்தப் போலி சீரியல் போர்ட்டோடுதான். ஆனால் பலர் அந்தக் கட்டளையைக் கொடுத்து, ‘இணைப்பு கிடைத்தது, வெளியேற கன்ட்ரோலுடன் சதுர அடைப்பை அழுத்தவும்’ என்ற அறிவிப்புக்குக் கீழே வெற்றுக் கர்சரைப் பார்த்துவிட்டு, இதுவும் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கம்பியின் இந்த முனையை நாம் பிடித்துவிட்டோம்; மறுமுனையில் பேசும்படி கெஸ்ட்டுக்கு யாரும் சொல்லவில்லை. லினக்ஸ் கெர்னல் தொடங்கும்போதே, கன்சோல் என்பது டிடிஒய்எஸ்0 (முதல் சீரியல் போர்ட்) என்று ஒரு வாசகத்தை அதன் தொடக்க அளவுருக்களில் சேர்த்துவிட்டால், அதன் செய்திகள் இந்த வழியாக வரத் தொடங்கும். திரை, சீரியல் இரண்டையும் குறிப்பிடலாம். கெர்னல் செய்திகள் இரண்டுக்குமே போகும். ஆனால் கடைசியாகக் குறிப்பிட்டதுதான் முதன்மைக் கன்சோல் ஆகும் என்பதால் வரிசையைக் கவனிக்க வேண்டும்.

அந்த வாசகத்தை எங்கே சேர்ப்பது என்பதில்தான் இன்னொரு சிக்கல். ஐஎஸ்ஓவை சிடி-ராம் போலக் கொடுத்தால், அந்த வட்டில் இருக்கும் பூட்லோடரே கெர்னலுக்கு எதைச் சொல்வது என்று தீர்மானிக்கும். நாம் குறுக்கே பேச இடமில்லை. லொகேஷன் என்ற விருப்பத்தில் அதே ஐஎஸ்ஓவைக் கொடுத்தால், வர்ட்-இன்ஸ்டால் கெர்னலை வெளியே எடுத்துத் தானே தொடங்கி வைக்கும். நாம் கூடுதலாகச் சொல்லும் வாசகங்களையும் அதனிடம் சேர்க்கும். வரைகலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு சிடி-ராம் விருப்பத்தையே பயன்படுத்தினால், நிறுவல் எழுத்துகள் தெரியாமல் போகலாம், லொகேஷனைப் பயன்படுத்துங்கள் என்று வர்ட்-இன்ஸ்டாலே எச்சரிக்கிறது. பலரும் படிக்காமல் தாண்டிப் போகும் எச்சரிக்கை அது. நிறுவல் முடிந்து கெஸ்ட் மறுதொடக்கம் ஆகும்போது இன்னொரு மௌனம் காத்திருக்கக்கூடும்: நிறுவும் நிரலுக்குச் சொன்னதை, நிறுவப்பட்ட அமைப்பின் பூட்லோடரான கிரப்பின் அமைவிலும் எழுதியாக வேண்டும். சில நிறுவிகள் தாமே எழுதிவிடும். எல்லாவற்றிலும் அப்படி எதிர்பார்க்க முடியாது.

உண்மையான பழுதுகள் இல்லையா?

எல்லாமே பார்வைக் கோளாறுதானா, நிஜமான பழுதே கிடையாதா என்று கேட்கலாம். நிச்சயமாக உண்டு. பயாஸில் மெய்நிகராக்க வசதி அணைக்கப்பட்டிருக்கலாம். வாடகைக்கு எடுத்த விபிஎஸ், தானே ஒரு மெய்நிகர் கணினியாக இருந்து, தனக்குள் இன்னொன்றை ஓட்ட அனுமதிக்காமல் இருக்கலாம். ஐஎஸ்ஓ கோப்பு பயனரின் ஹோம் கோப்புறைக்குள் இருக்கலாம். கியூஎமு வேறொரு பயனராக ஓடுவதால் அதற்குள் நுழைய முடியாது. 21.04 பதிப்பிலிருந்து உபுண்டு புதிய ஹோம் கோப்புறைகளை மற்றவர்களுக்கு மூடியே வைக்கிறது என்பதால், முன்பு ஓடிய அதே கட்டளை புதிய சர்வரில் ஓடாமல் போவதில் வியப்பில்லை. கோப்பு அனுமதிகள் சரியாக இருந்தும் எஸ்இலினக்ஸோ ஆப்ஆர்மரோ போன்ற பாதுகாப்பு அடுக்கு தடுக்கலாம். லிப்வர்ட்டின் டிஃபால்ட் வலையமைப்பு தொடங்கப்படாமல் கிடக்கலாம்.

ஆனால் இந்தப் பழுதுகளுக்கு ஒரு பொதுக் குணம் இருக்கிறது. இவை வாய் திறந்து பேசும். அனுமதி மறுக்கப்பட்டது என்று கோப்பின் பெயரோடு சொல்லும். வலையமைப்பு இயங்கவில்லை என்று அதன் பெயரைக் குறிப்பிட்டுச் சொல்லும். முனையத்தில் வராவிட்டாலும், ஒவ்வொரு டொமைனுக்கும் தனியாக கியூஎமு எழுதும் லாக் கோப்பிலோ கெர்னலின் பதிவிலோ வந்திருக்கும். பேசும் பிழையைத் திருத்துவது அநேகமாகச் சில நிமிட வேலை. ஆட்களின் நேரத்தை நாள்கணக்கில் தின்பவை பேசாத பிழைகள். இந்தப் பட்டியலில் விதிவிலக்கு ஒன்று உண்டு: செயலியின் மெய்நிகராக்க வசதி கிடைக்காதபோது, முழுக்க மென்பொருளாலேயே செயலியைப் போலச் செய்யும் முறைக்கு வேலை மாறிவிடலாம். நிறுவல் நடக்கும், ஆனால் பல மடங்கு மெதுவாக, உறைந்தது போலவே நடக்கும். இது நிஜப் பழுது, மௌனமான பழுதும்கூட. ஆனாலும் இது என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. சீரியல் கன்சோல் இருந்தால் எழுத்துகள் ஊர்ந்து வருவது தெரியும். ‘ஓடவில்லை’ என்பது ‘மெதுவாக ஓடுகிறது’ என்று மாறும். அந்த ஒரு திருத்தமே நம்மைச் செயலியின் பக்கம் திருப்பிவிடும். டொமைனின் வகை கேவிஎம் என்று இருக்கிறதா, வெறும் கியூஎமு என்று இருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த படி.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஏன் இந்தப் பாடு, தொலைவிலிருந்து திரையைக் காட்டும் விஎன்சி வழியாகப் படத்தையே பார்த்துவிடலாமே? பார்க்கலாம், தவறில்லை. கெர்னல் தொடங்கும் முன்பே நிற்கும் கெஸ்ட்டைப் பார்க்கவும், லினக்ஸ் அல்லாத அமைப்புகளை நிறுவவும் அதுவே சிறந்தது. ஆனால் கியூஎமுவின் விஎன்சி இயல்பாக 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டுமே கேட்கும்படி லிப்வர்ட்டில் அமைந்திருக்கிறது. வெளியிலிருந்து தெரியவில்லையே என்று பலர் அதை எல்லா முகவரிகளுக்கும் திறந்துவிடுகிறார்கள், சில நேரம் கடவுச்சொல்கூட இல்லாமல். கண்ணைத் திறக்கப் போய் வாசலைத் திறந்து வைத்த கதைதான். எஸ்எஸ்ஹெச் சுரங்கவழியாக 5900ஆம் போர்ட்டைக் கொண்டுவருவதே முறை. அதோடு, படத்தில் ஓடி மறையும் பிழைச் செய்தியைத் தேட முடியாது, நேற்றைய ஓட்டத்தோடு ஒப்பிடவும் முடியாது. எழுத்தாக வருவதைக் கோப்பில் சேமித்து வரி வரியாகத் தேடலாம்.

நிறுவலே பழைய முறை, ஆயத்தமான கிளவுட் இமேஜை எடுத்துக்கொண்டால் போதுமே என்பாரும் உண்டு. பெரும்பாலான தேவைகளுக்கு அது நல்ல யோசனைதான். ஆனால் பிரச்சினை அங்கே இடம்தான் மாறுகிறது. அந்த இமேஜ்களில் இயல்பாகக் கடவுச்சொல் இருக்காது. பயனர், எஸ்எஸ்ஹெச் சாவி எல்லாம், முதல் தொடக்கத்தில் கெஸ்ட்டை அமைக்கும் கிளவுட்-இனிட் வழியாகப் போக வேண்டும். அந்த அமைவுக் கோப்பின் முதல் வரி சரியாக இல்லாவிட்டாலோ ஓர் இடைவெளி தவறினாலோ அதில் சொன்னது நிறைவேறாது. கெஸ்ட் பளிச்சென்று ஓடும், உள்ளே நுழையத்தான் முடியாது. என்ன நடந்தது என்று கிளவுட்-இனிட் சொல்வது மறுபடியும் கன்சோலில்தான். உபுண்டுவின் கிளவுட் இமேஜ்களில் சீரியல் கன்சோல் முன்கூட்டியே அமைக்கப்பட்டு வருவதும், 2006இல் இசி2 என்ற கிளவுட் கணினிச் சேவையைத் தொடங்கிய அமேசான் 2021இல் அதற்கு சீரியல் கன்சோல் வசதியைச் சேர்த்ததும் ஒரே தேவையைத்தான் காட்டுகின்றன.

அழித்துவிட்டுத் திரும்பச் செய்வதுதான் விரைவு என்ற வாதம் மிச்சமிருக்கிறது. காரணம் மாறாதபோது முடிவும் மாறாது. நான்கு மாற்றங்களை ஒரே நேரத்தில் செய்து அது ஓடிவிட்டால், எது காரணம் என்பது தெரியாமலே போகும். அடுத்த சர்வரில் அந்த நான்கையும் மந்திரம் போலத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே திரையில்லாத சர்வரில் இந்த வரிசையைக் கைக்கொள்ளுங்கள். டொமைன் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். செயலி நேரமும் வட்டு வாசிப்பும் ஏறுகின்றனவா என்று பாருங்கள். அதன் பேச்சு திரைக்குப் போகிறதா, சீரியலுக்குப் போகிறதா என்று கண்டுபிடித்து, அங்கே போய் அது சொல்வதைப் படியுங்கள். லாக் கோப்பையும் விடாதீர்கள். இவ்வளவும் முடிந்த பிறகு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டொமைனை அழிக்கும் கட்டளை கடைசி வழியாகவே இருக்கட்டும்.